ஓர் அறை, இரண்டு குளிர்

எங்கள் வீட்டில் ஏர்கோன் பேச்சு எப்போது எழுந்தாலும் சண்டையில்தான் முடியும். எனக்கு வெக்கை ஆகாது, என் வீட்டுக்காரருக்குக் குளிர் ஆகாது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று சொல்லி எங்களைச் சேர்த்து வைத்தவரிடம் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றால், அந்த மனிதர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரருடைய குளிர்க்கதை சிங்கப்பூரில் தொடங்கியது. கல்யாணமான புதிதில் அங்கே ஒரு குளிர்க்கிடங்கில் வேலை கிடைத்தது. உறைந்த மீனும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இடம். விடிவதற்கு முன்னாலேயே ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போவார். உள்ளே போனால் தடித்த கோட்டு, இரண்டு ஜோடிக் காலுறை, உல்லன் தொப்பி. வெளியே வந்தால் உச்சி வெயில். எங்கள் மகள் படித்ததும் இந்த வீட்டுக் கடன் பாதி அடைந்ததும் அந்தக் கிடங்குச் சம்பளத்தில்தான். அதை விட்டுவிட்டு இங்கேயே தெப்ராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோருக்கு அவர் மாறி வந்து வெகு நாளாகிறது. ஆனால் குளிர் அவர் எலும்பை விட்டு இறங்கவே இல்லை. பேரங்காடிக்குப் போனால் ஐஸ் மீன் வைத்திருக்கும் பக்கம் வந்ததும் யாரோ விரட்டுவதுபோல நடையைக் கூட்டுவார். வீட்டில் கைலி கட்டிக்கொண்டு காலுறையும் போட்டுக்கொண்டு திரிகிற ஆளை ஜொகூர் முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவரைத்தான் பார்க்க முடியும்.

என் கதை அதற்கு நேர் எதிர். ஐம்பதைத் தொட்டதும் என் உடம்பு எனக்கே எதிரியாகிவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பேன், காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சூடு கிளம்பும், கழுத்து, மார்பு, முதுகு என்று இறங்கி என்னை அப்படியே நனைத்துவிடும். டாக்டரம்மா, மாதவிடாய் நிற்கும் வயதில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு என்ன, சகஜம்! தெப்ராவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஏர்கோன் இருந்ததால் பகலைத் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்தால்தான் நரகம்.

எங்கள் படுக்கையறைச் சுவரில் ஒரு பழைய ஏர்கோன் இருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே. நான் அதைப் பதினெட்டில் வைப்பேன். அவர் போர்வைக்குள் பார்சல்போலக் கிடப்பார், மூக்கு மட்டும் வெளியே தெரியும். பிறகு அவருக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், தொடங்கினால் நிற்காது. ஒருநாள் சாயங்காலம் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சின்ன அறைக்குப் போனார். மகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்குப் போனதிலிருந்து அது காலியாகத்தான் கிடந்தது.

"கொஞ்ச நாளைக்கு," என்றார். அந்தக் கொஞ்ச நாள் மூன்று தீபாவளியைத் தாண்டிவிட்டது.

சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர் நல்லபடியாகப் போனார், அங்கே நல்லபடியாகத் தூங்கினார், காலையில் நல்லபடியாகத் தேநீர் கேட்டார். அதுதான் என்னைத் தின்றது. நான் அவருக்கு வேண்டாதவளாகிவிட்டேன் என்றே நினைத்தேன். வயதாகிவிட்டது, உடம்பு பெருத்துவிட்டது, எப்போது பார்த்தாலும் வேர்வையும் எரிச்சலுமாக இருக்கிற ஒருத்தியின் பக்கத்தில் யார் படுப்பார்கள்? எங்கள் தாமான் குடியிருப்பில் குப்பை லாரிக்காரனிலிருந்து மேலாண்மைக் குழுத் தலைவர் வரைக்கும் என் வாய்க்குப் பயப்படுவார்கள். ஆனால், "திரும்ப இந்த ரூமுக்கு வருவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க அந்த வாய்க்குத் துணிச்சல் இல்லை. கேட்டு, "இல்ல, இங்கேயே நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இப்படி இருக்கும்போதுதான் கூரை ஒழுகியது. மழை பெய்தால் மாடியில் வாளி வைக்கும் நிலை. ஓடுகளை மாற்ற வந்தவர்கள் மாடியின் கூரைத்தட்டு முழுவதையும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகளிடம் தொலைபேசியில் புலம்பியபோது அவள் உடனே ஒரு யோசனை சொன்னாள்.

"மா, சிலிங் எல்லாம் தொறந்துதானே இருக்கு? அப்டியே டக்ட் ஏர்கோன் போட்டுருங்களேன். சுவத்துல பொட்டியே இருக்காது. மேல ஒரே மிஷின், குழாய் வழியா எல்லா ரூமுக்கும் காத்து போகும்."

எனக்கு அது தெரியும். எங்கள் மேலாளர் வீட்டு விருந்தில் பார்த்திருக்கிறேன். கூரைக்குள்ளே வெள்ளி நிறத்தில் தலையணை உறைபோல உப்பிய பெரிய பெரிய குழாய்கள் ஓடுமாம். கீழே நமக்குத் தெரிவது கூரைத்தட்டில் ஒரு நீளமான கீறல் மட்டும்தான். வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். பகுதிக்குப் பெயர் ஸோன். ஒவ்வொரு ஸோனுக்குப் போகும் குழாயிலும் ஒரு தட்டி இருக்கும், வேண்டுமானால் திறக்கும், வேண்டாமென்றால் மூடிக்கொள்ளும்.

"உங்களுக்கு எவ்ளோ குளிர் வேணுமோ வச்சிக்கலாம். அப்பா ரூம்ல வேணாம்னா அடச்சிரலாம். தனித்தனி, சண்டையே வராது லா," என்றாள்.

அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த "அப்பா ரூம்" என்ற சொல் என்னை ஊசியால் குத்தியதுபோல இருந்தது. பெற்ற பிள்ளைக்கே அது அப்பா ரூம் ஆகிவிட்டது.

ஏர்கோன் போட வந்தவர் ஒரு சீனர். முதலாளிகளை எல்லோரும் தவுக்கே என்றுதான் இங்கே கூப்பிடுவோம், அதனால் அவரும் எங்களுக்குத் தவுக்கே. நாற்பது வயது இருக்கும். தமிழில் அவருக்கு "சாப்டாச்சா" மட்டும் தெரியும், அதை வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை சொல்வார். எங்களை அங்கிள், ஆண்டி என்பார். மற்றதெல்லாம் மலாய். வாயும் ஓயாது, கையும் ஓயாது. மாடி முழுக்க ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த புதுக் கூரைப் பலகை ஒன்றில் தடித்த பேனாவால் வீட்டுப் படத்தையே வரைந்துவிட்டார்.

பிறகு கேள்விகள். சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழும்? சமையல் எங்கே? எண்ணெய்ப் புகை குழாய்க்குள் போனால் வீடு முழுக்க மிளகாய்ச் சம்பால் வாசம் அடிக்கும் என்றார். சாமி அறைக்கு வேண்டுமா? வேண்டவே வேண்டாம், விளக்கு அணைந்துபோகும் என்றேன். எல்லாத் தட்டியும் ஒரே நேரத்தில் மூடிவிட்டால் மிஷினுக்கு மூச்சு முட்டும், அதனால் ஏதாவது ஒரு இடம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், எது என்று கேட்டார். மாடிக் கூடம் என்றேன். அதுவரைக்கும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. ஒரு வழியாக என் வீடும் குளிரப் போகிறது.

அடுத்ததாகத் தவுக்கே கேட்டார், யார் யார் எந்த அறையில் தூங்குகிறீர்கள் என்று.

என் வீட்டுக்காரர் அப்போது தேநீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். பெரிய அறையைக் காட்டி என்னுடையது என்றேன், சின்ன அறையைக் காட்டி அங்கிளுடையது என்றேன். தவுக்கேயின் புருவம் லேசாக ஏறியது. அந்தப் புருவம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. உனக்கென்னடா வந்தது என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே, "அசிங்!" என்றேன் சத்தமாக. மலாயில் அசிங் என்றால் தனி. அந்நியனுக்கும் அதே சொல்தான்.

"ஓக்கே ஆண்டி, அசிங்," என்று சொல்லி அவர் பலகைப் படத்தில் இரண்டு அறைக்கும் நடுவே இருந்த சுவர்மேல் தடியாக ஒரு கோடு போட்டு, அதன் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதியும் வைத்தார்.

தேநீர்ப் பொட்டலங்களோடு என் வீட்டுக்காரர் மேலே வந்தார். பலகையின் முன்னால் நின்றார். படிக்காமல் போயிருக்கக் கூடாதா!

"என்னா இது, அசிங்?"

"தனித்தனின்னு சொன்னேன். தனியாத்தானே இருக்கு?"

"எழுதி வேற வச்சாச்சா? அசிங்கமா இருக்கு," என்றார்.

வேறு நேரமாக இருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இந்தச் சொல்லை வைத்துக் கேலி பேசும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓ, எழுதுனா அசிங்கம், செஞ்சா அசிங்கம் இல்லையா? மூட்டையக் கட்டிட்டுப் போனது நானா நீங்களா?" என்று கத்தியே விட்டேன். தவுக்கே தேநீரை உறிஞ்சிக்கொண்டு, அங்கே இல்லாத கூரைத்தட்டை அண்ணாந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சோறு, சாவி, தண்ணீர் பில் இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சில்லை. இனி அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. குழாய் ஓடி, தட்டி போட்டு, சிமெண்டு பூசிவிட்டால் பிறகு யார் எதை மாற்றப்போகிறார்கள்? இதுவரைக்கும் கொஞ்ச நாளாக இருந்தது இனிமேல் வீட்டோடு வீடாகக் கட்டப்பட்டுவிடும். ஏர்கோனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெந்தே சாகலாம், பரவாயில்லை.

சனிக்கிழமை காலையில் தவுக்கே அளவு குறிக்க வந்தார். நான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேலே என் வீட்டுக்காரர் அவரோடு பேசும் சத்தம் கேட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவர் தமிழில் ஓர் ஆள், மலாயில் வேறு ஆள். தமிழில் என்னிடம் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்தது கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பெண்டாட்டியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசுவது அவர் வளர்ந்த தோட்டத்து வீட்டில் யாரும் செய்து பார்த்ததில்லை. மலாய் அவருக்கு வேலைத்தல மொழி, கடைத்தெரு மொழி. அதில் வெட்கம் கிடையாது. பேரம் பேசுவார், ஜோக் அடிப்பார், மனதில் இருப்பதைப் பட்டென்று போட்டு உடைப்பார்.

"தவுக்கே, இந்த அசிங் எல்லாம் தூக்கிப் போடு. எனக்கு சாமா வேணும்," என்றார் மலாயில். சாமா என்றால் ஒன்றாக, ஒரே மாதிரி.

தவுக்கே தப்பாகப் புரிந்துகொண்டார். "சாமா ஸோனா? ஐயோ அங்கிள், ஆண்டியோட குளிர்ல நீங்க மீன் மாதிரி விறைச்சிருவீங்க லா!"

"ஸோன் அசிங்கா இருக்கட்டும்யா. ரூம் சாமா வேணும்." பிறகு, நான் கீழே இருப்பது தெரிந்தேதான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன், "சாயா மாவ் தீடோர் சாமா பினி சாயா," என்றார்.

எனக்கு என் பெண்டாட்டியோடு தூங்க வேண்டும்.

கத்தி ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம் விழுந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு நன்றாக அழுதேன். சந்தோஷமா கோபமா என்று கேட்டால் இரண்டும்தான். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த வாய்?

விறுவிறுவென்று மேலே ஏறிப் போனேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் வெட்கமாக இருந்ததால் தவுக்கேயிடம்தான் பேசினேன், மலாயில்தான். "தவுக்கே, அங்கிளைக் கேளுங்க, அப்ப முதல்ல ஏன் ஓடினார்னு."

அந்த மனிதர் பாவம், இந்தப் பக்கம் திரும்பினார். "அங்கிள், ஆண்டி கேக்கறாங்க..."

"ஆண்டிகிட்ட சொல்லு," என்றார் என் வீட்டுக்காரர், இரண்டடி தள்ளி நிற்கும் என்னைப் பார்க்காமல். "அவ உடம்பு எரிஞ்சு எரிஞ்சு, ராத்திரி பூரா புரண்டுட்டுக் கிடப்பா. எப்பவாவது கண்ண மூடுவா. அப்பப் பாத்து எனக்கு இருமல் வரும், அவ முழிச்சிக்குவா. அதான் போனேன். தூங்கட்டும்னு போனேன்."

"பிறகு ஏன் திரும்பி வரல?" என்றேன், அதையும் தவுக்கேயிடமே.

"அவ கூப்பிடவே இல்ல. கட்டில் முழுக்க அவளுக்குன்னு ஆனதும் நிம்மதியா இருக்கான்னு நெனச்சேன்."

"நிம்மதியா! நானா!" இது மட்டும் தமிழில் வந்துவிட்டது.

"அலமாக்! ஐயையோ," என்றார் தவுக்கே, கையை உயர்த்தி. "அங்கிள், ஆண்டி, நான் ஏர்கோன்காரன் லா."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ்ப் புருஷனும் தமிழ்ப் பெண்டாட்டியும் ஒரு சீனரை நடுவில் நிறுத்தி மலாயில் குடும்பம் நடத்திய கூத்தை நான் இதுவரை மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வேலை பேசினோம். காற்றுக்குக் கோடு தெரியாது, ஒரே அறையில் இரண்டு ஸோன் போட்டால் கலந்துவிடும் என்று தவுக்கே தலையைச் சொறிந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவர் பிற்பாடு நாங்களே வைத்த பலகைச் சுவர்தான், மகள் வயதுக்கு வந்தபோது அவளுக்கென்று மறித்துக் கொடுத்தது. அதை எடுத்துவிட்டால் பழையபடி நீளமான ஒரே அறை. குளிர்க் காற்று விழும் கீறலை என் பக்கத்து ஜன்னலோரமாகக் கொண்டுபோவது, காற்றைத் திரும்ப இழுக்கும் வாயையும் அதே பக்கத்திலேயே வைப்பது, அவர் பக்கம் சின்னதாக ஒரு கீறல், அதன் தட்டி பெரும்பாலும் மூடியிருக்கும். குளிர் எப்போதும் தரையோடு தரையாகத்தான் நகரும், கிடங்கில் கதவைத் திறந்தால் முதலில் கால்தான் விறைக்கும், அதனால் கட்டிலைக் கொஞ்சம் உயரமாகப் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். தவுக்கே அதற்குத் தலையாட்டினார், ஆனால் முழுதாக வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரும், அதற்குமேல் கேட்டால் நடுவில் சுவர்தான் வைக்க வேண்டும் என்றார்.

"சுவர் வேணாம்," என்றோம் இரண்டு பேரும், மலாயில், ஒரே குரலில்.

வேலை முடிய நாளாயிற்று. ஒரு குழாய் வந்த அளவு சரியில்லை என்று திரும்பிப் போனது. வீடு முழுக்கத் தூசி, சோற்றில்கூடத் தூசி. பலகைச் சுவரை ஆட்கள் வந்து கழற்றுவார்கள் என்று சொல்லியும் கேட்காமல் என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு தானே இறங்கிவிட்டார். காலுறையோடுதான். மகளிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் வந்தா எங்க படுக்கறது?"

"கூடத்துல படு. அங்கதான் எப்பவும் காத்து வரும்."

"பரவால்லமா," என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "நா கூடத்துலயே படுத்துக்கறேன்." பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. நாம்தான் மறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தவுக்கே கடைசியாக வந்து மிஷினை ஓடவிட்டு, "சாப்டாச்சா" சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம் வெளியே தார் உருகும் வெயில். அறைக்குள் சத்தமே இல்லாமல் குளிர் இறங்கியது. பதினெட்டு வேண்டாம், இருபத்திரண்டு போதும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். போதுமாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் நான் படுத்தேன். உடம்புச் சூடு எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னை விட்டது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்து, கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்து, போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு படுத்தார். மூக்கு மட்டுமில்லை, முகம் முழுக்க வெளியே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேசினால் ஏதாவது கெட்டுவிடும் என்று பயம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் லேசாக அதிர்ந்தது. நின்றது. திரும்பவும் அதிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போர்வையை வாயில் அழுத்தி, தோளெல்லாம் குலுங்க, அவர் இருமலை உள்ளேயே அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலை எடுத்துத் தரையிலும் வைத்துவிட்டார். எழுந்து போகப் போகிறார்.

கையை நீட்டி அவர் பனியனைப் பிடித்தேன்.

"எழுப்பிட்டேனா?" என்றார் திரும்பாமல், தமிழில்.

"எழுப்புங்க," என்றேன். "அதுக்குத்தானே செவுத்த இடிச்சோம்."

அவர் காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு, வீடே கேட்கும்படி இருமினார்.